மார்க்குக்கு ஃபிளெக்ஸ் இருக்கு, டைமிங்குக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஈரோட்டுல ஏறி நாமக்கல் வரைக்கும் பஸ்ல போய்ப் பாருங்க. திருச்செங்கோடு ரோடு முழுக்க சிரிச்ச முகமும் 590ம் 595ம்தான். ரேங்க் வெளியிடறதை அரசு 2017லயே நிறுத்திருச்சு, ஃபிளெக்ஸ்காரங்க நிறுத்தல. படிக்கிற பிள்ளைகளைக் கொண்டாடறது தப்பே இல்லீங்க. அதே சுவத்துல, மாவட்டப் போட்டியில 400 மீட்டர் ஜெயிச்ச பிள்ளையோட படம் ஏன் ஒண்ணுகூட இல்லைங்கறதுதான் என் கேள்வி.

ஆளுக்கா பஞ்சம்? சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, பாராலிம்பிக் உயரம் தாண்டுதல்ல ரியோ 2016ல தங்கம், டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ் 2024ல வெண்கலம். அஞ்சு வயசுல பஸ் மோதி வலது கால் நசுங்கின பையன் ரியோவுல தாண்டினது 1.89 மீட்டர். வீட்டுக் கதவு நிலையில அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, கீழ நின்னு பாருங்க. நம்மள்ல முக்காவாசிப் பேருக்குத் தலைக்கு மேல போகும்.

கோயமுத்தூரு வித்யா ராம்ராஜ், ஆட்டோ ஓட்டறவரு பொண்ணு. 1984ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்துல ஓடின 55.42 விநாடி, 39 வருஷம் அப்படியே நின்ன தேசிய சாதனை. 2023ல ஹாங்சோ ஆசியப் போட்டி ஹீட்ஸ்ல, அதாவது தகுதிச் சுத்துல, வித்யா ஓடினது அதே 55.42! நூத்துல ஒரு பங்குகூட முன்னப்பின்ன இல்ல. மறுநாள் ஃபைனல்ல வெண்கலம். கூடப் பொறந்த இரட்டை நித்யாவும் அதே போட்டிக்குப் போன தடை ஓட்டக்காரிதான். இந்த ரெண்டு பேரையும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்னு நினைக்கறீங்க?

அவினாசிப் பக்கத்து தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில ஓடி வெள்ளி வாங்கினாரு. சின்ன வயசுலயே அப்பா இல்ல, அம்மா டீச்சர் வேலை பாத்து வளத்த பையன். செஸ்ஸுல நம்ம ஈரோட்டு இனியன் 2019லயே கிராண்ட்மாஸ்டர்.

சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவுல இருந்து திரும்பினப்ப சாரட்டுல உக்கார வெச்சு ஊரே கூட்டிட்டுப் போச்சு. பாக்கவே நெறைவா இருந்துச்சு. ஆனா டென்னிஸ் பால்ல யார்க்கர் போட்டுட்டுத் திரிஞ்ச காலத்துல அந்தப் பையனுக்கு நாம என்ன பண்ணுனோம்? கடைசியில அவரே சொந்த ஊர்ல ஒரு கிரிக்கெட் கிரவுண்டு கட்டி 2023ல தொறந்தாரு. ஜெயிச்சவன் காசுலதான் அடுத்தவனுக்கு கிரவுண்டு வரணும்னா, மில்லும் கல்லூரியுமாக் கட்டித் தள்ளின இந்த மண்ணுக்கு அது பெருமைங்களா?

நம்ம பக்கம் பி.டி. பீரியடுன்னாலே கணக்கு வாத்தியார் சாக்பீஸோட உள்ள வந்துருவாரு. வீட்டுல "வெளையாடி என்னத்தக் கண்ணு சம்பாரிக்கப் போற"ம்பாங்க. அதே வீட்டுல கோட்டாவுல இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கும்னு தெரிஞ்சா மட்டும் ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் எங்கன்னு பீரோவைக் கொடைவாங்க!

மாவட்டப் போட்டி நடக்கறப்ப வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஒருக்கா போயிட்டு வாங்க. ரெண்டு பிள்ளைக்கு ஒரு ஸ்பைக்ஸ், அதான் அடியில ஆணி வெச்ச ஓட்டக்காரங்க ஷூ. ஒருத்தி ஹீட்ஸ் ஓடி முடிச்சு மூச்சிரைக்கக் கழட்டிக் குடுக்கற வரைக்கும் இன்னொருத்தி வெறுங்கால்ல குதிச்சு வார்ம்-அப் பண்ணிட்டு நிப்பா. சைஸ் பத்தாம முன்னாடி பஞ்சு அடைச்சிருக்கும். பதக்கம் வந்ததுக்கப்பறம் நாம போடற மாலையும் பொன்னாடையும் இந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு எதுக்காகும்? இப்பவே ஊருக்கு அவ மொகம் தெரிஞ்சாத்தான் ஸ்பைக்ஸ் வாங்கிக் குடுக்க நாலு பேரு வருவாங்க.

அதனால நானும் கூட்டாளிகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, இந்த வருஷம் மாவட்டத்துல ஜெயிச்ச பிள்ளைக படத்தை எங்க கடைச் சுவத்துல வெக்கறதா இருக்கோம். ஃபிளெக்ஸ் கடைத் தம்பி டிசைனைப் பாத்துட்டு, "ஏனுங்ணா, தலைவர் படம் மேல வெக்கட்டுங்களா, சைடுலயா?"ன்னான்.

எங்கயும் வேண்டாந் தம்பி, அந்த எடத்துல டைமிங்கைப் பெருசாப் போடுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.