சர்க்கரை குறைவதுதான் எங்களுக்குத் தொல்லையே

"சர்க்கரை உள்ளவர்கள் நீண்ட தூரம் ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், சர்க்கரை தானாகக் குறையும்" என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. சரிதான், ஆனால் இன்சுலின் போடுகிற எங்களுக்கு அந்தக் குறைவதுதான் தொல்லையே. நான் மண்டபத்துக்காரன், டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். ஞாயிறுதோறும் விடியலில் பாம்பன் பாலம் ஏறி அரிச்சல்முனை வரை சைக்கிளில் போய்வருவேன். முதல் தடவை வழக்கமான அளவு ஊசியைத் தொடையில் போட்டு, ரெண்டே இட்லியோடு கிளம்பிவிட்டேன். தனுஷ்கோடி தாண்டி எதிர்காற்றில் மிதிக்கும்போது கை நடுங்குது, சட்டை நனையுது, வெயில்தான் என்று நினைத்தேன். மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 58. ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சங்கு விற்கிற அக்கா ஒருத்தர் "என்ன தம்பி, முகம் வெளுத்துருச்சு" என்று நன்னாரி சர்பத்தை நீட்டினார், பிழைத்தேன்.

தொடையில் போட்டுவிட்டு மிதித்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறுமாம், டாக்டர் சொல்லித்தான் தெரியும். இப்போது வயிற்றில் போடுகிறேன், அளவையும் அவர் குறைத்துவிட்டார். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அப்புறம் ராத்திரி! காலியான சர்க்கரை இருப்பைத் தசை ரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருப்பதால் தூக்கத்திலும் சர்க்கரை இறங்கும், அந்தக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு, இன்சுலினைச் சுரக்கவைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உண்டு.

இன்சுலின் பேனாவை நம்மூர் வெயிலில் சைக்கிள் பையில் போட்டு வைக்காதீர்கள், மருந்து கெட்டுப்போகும்.