ஓகி டோகியை ஒதுக்க வேண்டாம்

ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்பதை விளையாட்டாகச் சொல்வதுதான் ‘ஓகி டோகி’. ‘அது குழந்தைப் பேச்சு, பெரியவர்கள் தவிர்க்க வேண்டும்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இவ்வளவு கறார் எதற்கு? ஓகேயே கிண்டலில் பிறந்ததுதான். 1839-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ‘oll korrect’ என்று எழுதி, o.k. என்று சுருக்கியது. ஓகி டோகி அமெரிக்காவில் 1930-களில் எழுத்துக்கு வந்தது. நம் ‘காபி கீபி’யில் கீபிக்காவது ‘அது மாதிரி வேறு ஏதாவது’ என்று அர்த்தம் உண்டு. டோகிக்கு அதுவும் கிடையாது, குரலில் கொஞ்சம் சிரிப்பு சேரும், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், இன்னொரு கம்பளி கேட்கும் விருந்தினரிடம் ‘ஓகி டோகி’ என்றுதான் சொல்கிறான். அவர்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதே வார்த்தையை, வெந்நீர் வரவில்லை என்று அந்தக் குளிரில் கொதித்து வருகிறவரிடம் சொன்னால் வம்பு. பேங்குக்கு எழுதும் கடிதத்திலும் வேண்டாம்.

அப்புறம், ஓகி டோகிக்குப் பதில் ‘ஹங்கி டோரி’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம் என்கிறது கட்டுரை. ஆனால் ஹங்கி டோரி இதற்கு மாற்று இல்லை. அது ‘எல்லாம் நல்லபடியாக இருக்கிறது’ என்று நிலைமையைச் சொல்வது. கேட்டதற்குச் சரி என்று தலையாட்ட ஓகி டோகிதான்.