குளிரும் மெத்தையாம், குளிரும் மெத்தை!

"தொட்டுப் பாருங்க மேடம், ஜில்லுன்னு இருக்கா இல்லையா?" என்று கேட்டார் விற்பனையாளர். இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஸ்வெட்டர் கேட்கும் அளவுக்கு ஏசி. அந்தக் குளிரில் காலையிலிருந்து கிடக்கும் எதைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும். பில் போடும் இடத்தில் இருந்த கிரானைட் மேடையைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தையைவிட ஜில்லென்று இருந்தது. அதற்கு யாரும் முப்பதாயிரம் ரூபாய் கேட்கவில்லை.

இந்தத் 'தொட்டுப் பாருங்க' வித்தையைத்தான் முதலில் திட்ட வேண்டும். துணி பரிசோதனை செய்பவர்கள் இதை அளப்பதற்கே 'க்யூ மேக்ஸ்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். துணி மேலே பட்ட மாத்திரத்தில் தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்பதன் உச்சம் அது. அதாவது, முதல் ஓரிரு நொடி சமாச்சாரம். நான் என்ன மெத்தையைத் தொட்டுவிட்டு எழுந்து போகவா வாங்குகிறேன்? ராத்திரி ஏழு மணி நேரம் முதுகை வைத்துக் கிடக்க வேண்டும் ஐயா! ஏழாவது மணி நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு கடையிலும் ஆள் இல்லை.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என வீட்டுக்கு வந்த மெத்தையின் ஜிப்பைத் திறந்தேன். (ஜிப்பைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்று உள்ளே தைத்த துண்டுச் சீட்டில் போட்டிருந்தது. அந்தச் சீட்டைப் படிப்பதற்கே ஜிப்பைத் திறந்தாக வேண்டும்.) மேலே விரற்கடை உயரத்துக்கு வெளிர்நீல மெமரி ஃபோம், அதில் அங்கங்கே ஜெல் புள்ளிகள். அதற்குக் கீழே ஐந்தாறு அங்குலத்துக்கு வெறும் வெள்ளை ஃபோம். நீலச் சாயம் இருக்கும் இடமெல்லாம் குளிர்ச்சி என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டும் போல.

இந்த மெமரி ஃபோம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் கோபம் இன்னும் ஏறும். 1966-இல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. நோக்கம், விமான இருக்கைகளில் அதிர்ச்சி தாங்கும் நல்ல மெத்து. வெயிலுக்கும் வியர்வைக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உடம்புச் சூடு பட்டால் இளகி, உடம்பின் வடிவத்துக்குக் குழிந்துகொடுப்பதுதான் அதன் குணமே. முதுகுவலிக்காரர்களுக்கு அது சுகமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் குழிந்து உள்ளே இழுத்தால் என்ன ஆகும்? உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று போக இடமே இருக்காது. பஸ்ஸில் நம் தோளில் சாய்ந்து தூங்கிவிட்ட பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி, நகர நகர ஒட்டிக்கொண்டே வரும். விளம்பரத்தில் இதையே 'உங்களை அணைத்துக்கொள்ளும்' என்கிறார்கள். கத்திரி வெயிலில் எவருக்கய்யா அணைப்பு வேண்டும்?

போதாததற்கு அது பாலியூரித்தேன். ஃபிரிட்ஜின் சுவருக்குள் வெளிச் சூடு நுழையாமல் அடைத்து வைப்பதும் பாலியூரித்தேன் ஃபோம்தான். அது கெட்டி ரகம், இது மெத்து ரகம், குடும்பம் ஒன்று. வெப்பத்தைக் கடத்தாமல் பிடித்து வைப்பதில் பேர்போன பொருளை முதுகுக்குக் கீழே போட்டுவிட்டு, அதன் தலையில் ஒரு ஸ்பூன் ஜெல்லைத் தடவி, பனிமலைப் படம் ஒட்டி விற்கிறார்கள். ஜெல், ஃபோமைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், உண்மைதான். வாங்கிக்கொண்டு எங்கே கொண்டுபோய் விடும்? கீழே இருப்பதோ ஃபோம். கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது.

இதற்கு ஒரு படி மேலே 'பிசிஎம்' என்று இன்னொரு சரக்கு. நிலைமாறும் பொருள். விவரமாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத குப்பிகளில் அடைத்த மெழுகு. பெரும்பாலும் 28-லிருந்து 32 டிகிரிக்குள் உருகும்படி பார்த்துப் போடுவார்கள். உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 200 ஜூல். அறிவியல் சுத்தமானது, அதில் குறை இல்லை. கணக்கைத்தான் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். தூங்கும் மனிதரின் உடம்பு சுமார் 75 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, 25 வாட், மெத்தைப் பக்கம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ மெழுகு இருந்தால் 50,000 ஜூல். 25-ஆல் வகுத்தால் 2,000 நொடி. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்! தாராளமாக ஒரு கிலோ போட்டாலும் இரண்டேகால் மணி நேரத்தில் மொத்த மெழுகும் உருகி உட்கார்ந்துவிடும். அப்புறம் விடியும் வரை?

அதாவது பரவாயில்லை. சென்னையில் நிலவரம் என்ன தெரியுமா? மே மாதத்தில் வெளியிலேயே பல ராத்திரிகள் 28, 29-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைக் கக்கிக்கொண்டிருக்கும். சுவரைத் தொட்டால் சுடும், ஃபேனைப் போட்டால் மேலே இருக்கும் சூட்டை வாரி நம் தலையில் கொட்டும். எங்கள் அறையில் படுக்கப் போகும் நேரத்தில் 33 டிகிரி. 30-இல் உருக வேண்டிய மெழுகு, நான் மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே உருகி முடித்திருக்கும். படுக்கும்போது அங்கே இருப்பது வேலையை முடித்துவிட்டு ரிட்டயர் ஆன மெழுகு. அது திரும்ப உறைய வேண்டுமென்றால் அறை குளிர வேண்டும். அறையைக் குளிர வைக்க ஏசி வேண்டும். ஏசி போட்டால் இந்த மெத்தை எனக்கு எதற்கு?

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ரொம்ப மரியாதையாகப் பேசிய அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "ரூம் டெம்பரேச்சர் 24-ல வெச்சிருக்கீங்களா மேடம்?" அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்த மகராசன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும் ஊர்களில், 18, 20 டிகிரி அறையில், போர்வைக்குள் படுப்பவர்களுக்கு இந்த மெத்தைகள் நன்றாகவே வேலை செய்யும். மெத்தையில் இறங்கும் வெப்பம் வெளியேற அங்கே சுற்றிலும் குளிர்ந்த காற்று இருக்கிறது. எந்த மெத்தையும் தானாகக் குளிரை உற்பத்தி பண்ணாது. வெப்பத்தை இங்கிருந்து வாங்கி அங்கே விடும், அவ்வளவுதான். 'அங்கே'யும் 33 டிகிரியாக இருந்தால் எங்கே விடும்? தோலே 33, 34-தான்! அந்த நிலையில் உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. கடலோர ஊரில் காற்றே ஈரம் சொட்டும் என்பதால் அதுவும் பாதிதான் நடக்கும். அந்தப் பாதியையும் முதுகுப் பக்கம் அடைத்துவிடுகிறது ஃபோம். காலையில் எழுந்தால் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடுப்பைச் சுற்றி வியர்க்குரு.

எனக்காக நான் இவ்வளவு குதிக்க மாட்டேன். மெத்தை வாங்கியது அக்காவுக்காக. அவளுக்கு மாதவிடாய் நிற்கும் வயது. நடுராத்திரியில் மார்பிலிருந்து குபீரென்று ஓர் அனல் கிளம்பி முகம் சிவந்து, நைட்டி முழுக்கத் தொப்பலாக நனைந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் பகுதி ரொம்பப் பதற்றக்காரராகிவிடுகிறது. சாதாரணமாகக் கண்டுகொள்ளாத துளிச் சூட்டுக்கும் உடனே வியர்க்க வைக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதுகுக்குக் கீழே சூடு தேங்காத படுக்கை உண்மையிலேயே தேவை. இவர்களின் இந்தக் கஷ்டத்தைக் காட்டித்தான் விலையையும் ஏற்றுகிறார்கள். ஆனால் விளம்பரத்தில் வருவது யார்? சிரித்துக்கொண்டே கையைக் காலை நீட்டிப் படுக்கும், வியர்வையே அறியாத ஓர் இளைஞன்! அக்கா இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் வெறும் டைல்ஸ் தரையில் படுக்கிறாள்.

இன்னொன்றையும் இந்த விளம்பரக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். ராத்திரி வியர்வைக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், காசநோய் காரணமாக இருக்கலாம், இன்சுலின் போடுபவர்களுக்குத் தூக்கத்தில் சர்க்கரை இறங்குவது காரணமாக இருக்கலாம், சில மாத்திரைகளும் காரணமாகலாம். புதிதாக அப்படி வியர்க்க ஆரம்பித்தால் போக வேண்டியது மருத்துவரிடம், மெத்தைக் கடைக்கு அல்ல.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் அங்கே ஒரு பொறி. படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தில், 'கறை இருக்கக் கூடாது'. எந்தக் கறை? வியர்வைக் கறையும் கறைதானாம்! வியர்ப்பவர்களுக்கென்றே விற்கும் மெத்தையை, வியர்த்தால் திருப்பித் தர முடியாது. கறை படாமல் இருக்க அவர்களே இலவசமாக ஓர் உறை கொடுத்தார்கள். தண்ணீர் உள்ளே போகாத உறை, அடிப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் பூச்சு. அதை மாட்டினால் ஜெல்லாவது மெழுகாவது, படுத்துக் கிடப்பது பிளாஸ்டிக் தாள் மேல். புரண்டு படுத்தால் மொறமொறவென்று சத்தம் வேறு. உறையை மாட்டினால் வேகும், கழற்றினால் கறை பட்டுத் திருப்பித் தர முடியாமல் போகும்.

இதில் நம் கட்டில்களின் பங்கும் சும்மா இல்லை. இப்போது எல்லார் வீட்டிலும் அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில். மேலே ஒரு முழு பிளைவுட் பலகை, உள்ளே பழைய போர்வை, கொலு பொம்மை, ஊருக்குப் போகும் சூட்கேஸ். மெத்தைக்குக் கீழிருந்து காற்று வர ஒரு துவாரம் இல்லை. பழைய நாடாக் கட்டிலிலும் கயிற்றுக் கட்டிலிலும் கீழிருந்தும் காற்று வரும். அதையெல்லாம் பாட்டி காலத்துச் சாமான் என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டோம்.

அப்போ என்னதான் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: காற்று உள்ளே போய்வரும் பொருளாகப் பாருங்கள். தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திய மெத்தை கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ஆனால் நாருக்கு நார் இடைவெளி உண்டு. ரப்பர் பாலில் செய்த லேடக்ஸ் மெத்தையில் வரிசையாகத் துளை இருக்கும். அந்தத் துளைகள் அச்சில் உள்ள ஊசிகளால் விழுபவை, அழகுக்கு விட்டவை அல்ல, காற்றுக்கு அவைதான் வழி. விலை கூட, கனமும் ஜாஸ்தி. ஸ்பிரிங் மெத்தையில் உள்ளே பெரும்பாலும் காலி இடம்தான், ஆனால் அதன் தலையிலும் நான்கு அங்குல மெமரி ஃபோமை ஏற்றி 'ஹைபிரிட்' என்று விற்பதைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். இலவம்பஞ்சு இன்றும் போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து வருகிறது. அடிக்கடி வெயிலில் காயப்போட வேண்டும், வருடத்துக்கொரு முறை உடைத்துத் தைக்க ஆள் கிடைக்க வேண்டும், அதுதான் இப்போது சிரமம். மேலே எதைப் போட்டாலும் பருத்தி விரிப்பு. பளபளவென்று வழுக்கும் பாலியெஸ்டர் விரிப்பைப் போட்டுவிட்டு மெத்தையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஏசி உள்ளவர்கள் இவற்றோடு 26, 27-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். அக்காவுக்கு இப்போது அதே கட்டிலில், அந்த நீல மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு, கோரைப்பாயும் மெல்லிய பஞ்சு மெத்தையும்.

நிறுவனக்காரர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு பல்பு டப்பாவில்கூட எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கிறது. மெத்தையில் மட்டும் ஏன் எதுவுமே இல்லை? எத்தனை டிகிரி அறையில், எத்தனை சதவீத ஈரப்பதத்தில் சோதித்தீர்கள்? மெழுகு எத்தனை கிராம், எத்தனை டிகிரியில் உருகும்? நான்கு மணி நேரம் ஒருவர் படுத்த பிறகு மேல்பரப்புச் சூடு எவ்வளவு? இதற்கு இடம் போதாது என்று சொல்லாதீர்கள். உறையில் பனிக்கரடி படம் போட்ட இடமே தாராளமாகப் போதும்.