சரிவு வருடத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடுங்கள்

ஓசூர் பக்கம் இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். "பையனை எலக்ட்ரானிக்ஸ்ல சேர்க்கலாமா? சிப் கம்பெனியெல்லாம் வருதாமே?" கேட்பவர்களில் பாதிப் பேர் தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். தாராளமாகச் சேர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். கூடவே அந்தத் தொழிலின் கெட்ட வருடங்களையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசுகிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா சமயத்தில் லேப்டாப்பும் போனும் வாங்கிக் குவித்த ஜனம், 2022இல் விலைவாசியும் வட்டியும் ஏறியதும் கையைக் கட்டிக்கொண்டது. மெமரி சிப் தேங்கிப் போய் விலை சரிந்தது. அமெரிக்காவின் மெமரி சிப் கம்பெனி மைக்ரானுக்கு 2023 நிதியாண்டில் 583 கோடி டாலர் நஷ்டம். தென்கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸுக்கு 7.7 லட்சம் கோடி வோன் (கொரிய நாணயம்) செயல்பாட்டு நஷ்டம். சாம்சங்கின் சிப் பிரிவு மட்டும் கிட்டத்தட்ட 15 லட்சம் கோடி வோன் இழந்தது. கம்ப்யூட்டரும் போனும் ஓடும்போது பயன்படுத்தும் டிராம் என்ற மெமரி சிப்பில், உலகத்தின் பெரும்பங்கு இந்த மூன்று கம்பெனிகளுடையது.

ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். விலை ஏறினால் எல்லோரும் நடுவார்கள், எல்லாம் ஒரே சமயத்தில் மண்டிக்கு வரும், பறிப்புக் கூலி கூடக் கட்டாது. ஆனால் விவசாயி தோட்டத்தை அப்படியே உழுதுவிட்டு வேறு பயிர் வைக்கலாம். சிப் ஆலைக்கு அந்த வழி இல்லை. ஆலை கட்டவே இரண்டு மூன்று வருடம், பல நூறு கோடி டாலர். சிலிக்கான் தட்டு உள்ளே போய் சிப்பாக வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். மெஷின் ஓடினாலும் நின்றாலும் தேய்மானம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். நிறுத்தினாலும் பெரிதாக மிச்சமில்லை என்பதால் அடக்க விலைக்குக் கீழே விற்றாவது ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டி மூழ்கியவர்களும் உண்டு. ஜெர்மனியின் கிமோண்டா 2009 ஜனவரியில் திவாலானது. ஜப்பானின் எல்பிடா, அரசு கைகொடுத்தும் தாங்காமல் 2012இல் விழுந்தது. அதை மைக்ரான் வாங்கிக்கொண்டது.

இந்த ஏற்ற இறக்கம் நம் ஊருக்கு எப்படி வரும் என்பதை நான் சிப்காட்டில் கண்ணால் பார்த்தேன். 2020 ஊரடங்கில் வண்டிக் கம்பெனிகள் சிப் ஆர்டரை ரத்து செய்தன. சிப் ஆலைகள் அந்த இடத்தை லேப்டாப்புக்கும் போனுக்கும் கொடுத்துவிட்டன. 2021இல் வண்டி கேட்டு ஆள் வந்தபோது சிப் இல்லை. எங்கள் மெஷின் ஷாப்பில் வண்டிகளுக்கான அலுமினிய ஹவுசிங்குகளை பர் (ஓரத்துப் பிசிறு) எடுத்து, ஏர் அடித்து, நீல பின்களில் அடுக்கி வைத்திருந்தோம். எடுத்துப் போக லாரி வரவில்லை. வாங்குகிற கம்பெனி ஷெட்யூலைப் பாதியாக வெட்டியது. முதலில் போனது காண்ட்ராக்ட் பையன்கள். அரூர் பையன் ஒருவனிடம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் காண்ட்ராக்டர் வந்து ஐடி கார்டை வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் கிடையாது, செட்டில்மென்ட் கிடையாது. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் அரசுப் பணம். மைக்ரான் அவ்வளவு நஷ்டத்தில் இருந்த 2023 ஜூனில்தான் குஜராத் சனந்தில் 275 கோடி டாலர் ஆலையை அறிவித்தது. அதில் 50 சதவீதம் மத்திய அரசும் 20 சதவீதம் குஜராத் அரசும் தருகின்றன. அதே வருடம் அந்தக் கம்பெனி உலகம் முழுக்க ஆட்களைக் குறைத்துக்கொண்டும் இருந்தது. மானியம் தப்பு என்று சொல்லமாட்டேன். மந்தத்தில் கட்டிய ஆலைதான் அடுத்த ஏற்றத்தில் கைகொடுக்கும். ஆனால் நஷ்டத்தில் ஜனங்கள் பணம் பங்கெடுக்கிறது என்றால், அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டாமா?

ஆளை வெட்டாமலும் பிழைக்கலாம் என்பதற்குத் தைவானே சாட்சி. 2009 மந்தத்தில் அங்கத்துப் பெரிய சிப் கம்பெனி டிஎஸ்எம்சி முதலில் ஆட்களை வெளியே அனுப்பத்தான் செய்தது. அந்த ஜூனில் அதன் நிறுவனர் மோரிஸ் சாங், 77 வயதில், மறுபடி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அனுப்பியவர்களைத் திரும்ப அழைத்தார், முதலீட்டையும் கூட்டினார். ஸ்மார்ட்போன் அலை வந்தபோது டிஎஸ்எம்சியிடம் ஆலையும் இருந்தது, வேலை தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

தமிழ்நாடும் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் (சிப்) இயக்கம் அறிவித்திருக்கிறது. நமக்கு ஆலை வரட்டும், நிறைய வரட்டும். ஆனால் மானிய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: உற்பத்தி குறைகிற மாதங்களில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் டிரெய்னிக்கும் இத்தனை மாதம் பாதிச் சம்பளமாவது உண்டு, திரும்ப ஆள் எடுக்கும்போது அவர்களுக்குத்தான் முதல் அழைப்பு, மீறினால் மானியம் திரும்பப் பெறப்படும். லே-ஆஃப் காலத்து, அதாவது வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்திவைக்கிற காலத்துப் பாதிச் சம்பளம் இன்று நடைமுறையில் நிரந்தரத் தொழிலாளியோடு நின்றுவிடுகிறது.

பெற்றோர்களே, கேம்பஸில் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், மேலே இருப்பது கம்பெனி பெயரா, காண்ட்ராக்டர் பெயரா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் பெயர் என்றால், வேலை நின்றால் என்ன தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.