லலிதாவின் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அ. லலிதாவின் படம் அவ்வப்போது முகநூலில் சுற்றி வரும். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவர் மரணம், கையில் நான்கு மாதக் குழந்தை, அப்புறம் கிண்டி பொறியியல் கல்லூரி. கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அதோடு கதை முடிந்துவிடும்.

எனக்கு அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது.

லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி 1940-இல் மகளுக்கு இடம் வாங்கினார். (சிபாரிசு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கதவே இல்லாத சுவரில் வேறு எப்படி நுழைவது?) லலிதா விடுதியில் தங்கிப் படித்தபோது குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

படிப்புக்குப் பிறகு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. இவர் அலுவலகம் போன நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள அண்ணி இருந்தார். அந்த அண்ணியின் படத்தை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

அங்கே அவர் செய்த வேலையைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. மின்தொடர் (மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் கம்பித் தடம்) வடிவமைப்பு, துணைமின் நிலையங்களின் அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள். கம்பியில் கோளாறு வந்து மின்னோட்டம் எகிறினால், ரிலே என்ற காவல் கருவி அதை உணர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரைத் திறக்க வைக்க வேண்டும். பழுதான பகுதி மட்டும் துண்டிக்கப்பட வேண்டும், மற்ற ஊர்கள் இருளக் கூடாது. எது எந்த நொடியில் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது சாதாரண விஷயமல்ல. பக்ரா நங்கல் அணையின் மின் ஜெனரேட்டர்களில் அவர் உழைப்பு இருக்கிறது. லண்டனின் மின்பொறியாளர் கழகம் 1966-இல் அவரை முழு உறுப்பினராக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போய் வந்துவிட்டார்.

இத்தனையும் அண்ணி ஒருவர் வீட்டில் இருந்ததால் நடந்தது. அப்படி யாரும் இல்லாத லலிதாக்கள் எத்தனை பேர் வேலையை விட்டார்களோ! 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. மகளிர் தினத்தன்று லலிதா படம் போடும் நிறுவனங்களிடம் கேளுங்கள்: உங்கள் காப்பகம் எந்த மாடியில் இருக்கிறது?