புகார் இருந்தா கோச் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க

நம்ம கிரிக்கெட் அகாடமி பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல சனிக்கிழமை நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் எதைப் பத்திப் பேசுறேன்னு தெரியும். கோச்சைச் சேர்க்காம தனியா ஓடுற குரூப்பைச் சொல்றேன். அண்டர் 14 டீம் லிஸ்ட் வந்ததுமே ஒரு பையன் போட்டோவைப் போட்டு, அரும்பு மீசையைச் சுத்தி வட்டம் வரைஞ்சு, "இது அண்டர் 14 மூஞ்சியா?"ன்னு கேள்வி. கீழே வரிசையா சிரிப்பு எமோஜி. அத்தனையும் போட்டது பிள்ளை பெத்தவங்க.

சந்தேகப்படறது தப்புன்னு நான் சொல்லலை. வயசைக் குறைச்சுக் காட்டி ஆடறது கிரிக்கெட்ல இருக்கத்தான் செய்யுது. அதனாலதான் பிசிசிஐ அண்டர் 16 பசங்களுக்கு இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, டிடபிள்யூ3 முறையில எலும்பு வளர்ச்சியைப் பார்க்குது. அதுவும் மதிப்பீடுதான், பிறந்த தேதியைச் சொல்லிடாது. பையனுங்களுக்குப் பருவ மாற்றம் 9 வயசுலயும் ஆரம்பிக்கலாம், 14லயும் ஆரம்பிக்கலாம். டாக்டருக்கே எக்ஸ்ரே வேணும், நமக்கு மீசை போதுமா?

கோச்கிட்ட போங்க. பர்த் சர்டிபிகேட்டைச் சரிபாருங்கன்னு எழுதிக் கொடுங்க. உங்க பேரைப் போட்டுக் கொடுங்க. அதுக்குப் பேர்தான் புகார்.

"உங்க பையன் லிஸ்ட்ல இருப்பான், அதான் பேசுறீங்க"ன்னு ஒரு அண்ணா வருவார். இல்லைங்க அண்ணா, என் பையன் ஸ்டாண்ட்பை. அந்தப் பையன் போனா இடம் என் பையனுக்குத்தான் வரும்.

"கோச்கிட்ட சொன்னா நம்ம பிள்ளையை பெஞ்சுல உட்கார வெச்சிடுவார்." அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதுக்காக ஊரான் பிள்ளையைச் சந்தியில நிறுத்துவோமா?

எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் வாலிபால் டீம்ல இருந்தேன். பி.டி. சார் எங்க தெருக்காரர், அதனாலதான் எடுத்தாருன்னு ஒரு அம்மா ரேஷன் கடை வரிசையில சொல்லியிருக்காங்க. சார்கிட்ட யாரும் கேட்கலை, என்கிட்டயும் கேட்கலை. பேச்சு சுத்திச் சுத்தி அப்பா காதுக்கு வரும்போது வேற மாதிரி ஆகியிருந்துச்சு. "பொம்பளைப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு எதுக்கு"ன்னு நிறுத்திட்டார். அதுக்கப்புறம் நான் பந்தைத் தொடலை. அந்தம்மா இன்னைக்கும் என்னைப் பார்த்தா நல்லா இருக்கியாம்மான்னு கேட்பாங்க.

"குரூப்ல பெரியவங்க மட்டும்தானே இருக்கோம்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ராத்திரி உங்க போன் யார் கையில இருக்கு? ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் நெட்ஸுக்கு மீசையை மழிச்சுட்டு வந்தான். மேலுதட்டுல பிளேடு கீறின கோடு. பேட்டிங் முடிஞ்சும் ஹெல்மெட்டைக் கழட்டலை. கிரில்லுக்கு நடுவுல பாட்டில் வாயை விட்டுத் தண்ணி குடிச்சான். வெயில்ல பாதி சட்டையில ஊத்துச்சு. என் பையன் என்னைப் பார்த்தான், நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

முதல்ல அந்தப் போட்டோவை எடுங்க. வர்ற சனிக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் நான் கோச்கிட்ட இதைப் பேசப் போறேன். வயசுல சந்தேகம் இருக்கிறவங்க கூட வாங்க, கோச் முன்னாடியே கேளுங்க, நான் தடுக்க மாட்டேன். அந்தப் பையனோட அம்மா கேட் பக்கத்துலதான் நிப்பாங்க. எமோஜி போட்டவங்க அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க.