உண்மை விளக்கம்: ‘ஆன்தம்’ 2021-இல் மூடப்படவில்லை

‘ஆன்தம் வீடியோ விளையாட்டை அதன் வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021-இலேயே மூடிவிட்டது, வாங்கி வைத்திருப்பவர்கள் இணையம் இல்லாமல் இன்றும் ஆடலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியின் இரு பகுதிகளுமே தவறானவை.

பல ஆண்டுகள் தொடர்ந்து வளரும் ஆன்லைன் உலகமாகத் திட்டமிடப்பட்டு 2019 பிப்ரவரியில் வெளியான இந்த விளையாட்டு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாததால், அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் அடிப்படையிலிருந்தே திருத்தி அமைக்க முயன்றது. 2021 பிப்ரவரி 24 அன்று கைவிடப்பட்டது அந்தத் திருத்தப் பணி மட்டுமே. சர்வர்கள் தொடர்ந்து இயங்கும் என்பதும் அதே அறிவிப்பிலேயே இருந்தது. பறக்கையில் சூடேறும் கவச உடையை அருவிக்குள் புகுந்து குளிர்வித்துக்கொள்ளும் அந்த அனுபவத்தை (குறை சொன்னவர்களும் ரசித்தது அதைத்தான்) அதன் பிறகும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பெற முடிந்தது.

சர்வர்கள் 2026 ஜனவரி 12 அன்று நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2025 ஜூலையில்தான் வந்தது. தனியாளாக ஆடினாலும் சர்வர் இணைப்பு கட்டாயம் என்பதால், வட்டு கையில் இருந்தும் பயனில்லை.

பயோவேரின் 2021 அறிவிப்பிலும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் உதவிப் பக்கத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். பழைய வட்டுகளை விற்க முனைவோருக்கு மட்டுமே உதவக்கூடிய அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.